கிடங்கை மாற்றிய குழு

மனிதகுல வரலாற்றில் நெருப்பு, சக்கரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகக் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி, எங்கள் தேர்வு அலுவலகம் தன் காப்புப் பிரதி மென்பொருளைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றியதுதான். நடுவில் வேறு சில நடந்திருக்கலாம். அவற்றுக்கு அறிக்கை எழுத நான் அங்கே இல்லை.

ஆம், அறிக்கை எழுதுபவன் நான். இங்கே எது நடந்தாலும், நடக்காவிட்டாலும், அது "வெற்றிகரமாக" நடந்தது என்று எழுதுவது என் கடமை.

தேர்வு எழுதிய அத்தனை பேருடைய மதிப்பெண்களும் எங்கள் பெரிய கணினி ஒன்றில் இருந்தன. அது படுத்துவிட்டால் என்ன செய்வது? அதற்காக அந்த மென்பொருள் தினமும் காலையில் நகல் எடுத்து, பழைய சர்வரில் "கிடங்கு" என்ற இடத்தில் சேர்த்துவைக்கும். உடனே இயக்குநர் அறைத் திரையில் ஒரு பச்சை டிக் விழும். அதைப் பார்க்காமல் இயக்குநர் காபி குடித்ததில்லை.

"புது சர்வர் வருதாம்" என்ற செய்தி பரவியதும் கேன்டீனில் பரிமாறும் சர்வர் தன் வேலைக்குத்தான் உலை வைக்கிறார்கள் என்று பயந்து, மூன்று நாள் எங்கள் எல்லோருக்கும் கூடுதலாகச் சர்க்கரை போட்டார்.

எங்கள் கணினிப் பிரிவு என்பது ஒரே ஒரு பெண்மணி. கழுத்தில் எப்போதும் ஏதாவது ஒரு வயர் தொங்குவதால் அவருக்கு "வயரம்மா" என்று பெயர். மகளின் பிரசவத்துக்கு விடுப்பில் போகும் அவசரத்தில் அவர் ஒரு துண்டுத்தாளை விட்டுப்போனார்: "மென்பொருளை மாற்றிவிட்டேன். கிடங்கையும் மாற்றவும். பிறகுதான் பழையதை அழிக்கலாம்."

இயக்குநர் உடனடியாக ஏழு பேர் கொண்ட குழு அமைத்தார்.

"கிடங்க மாத்தணும்னு சொல்றாங்களே, ஏன் சார்?" என்றார் கண்காணிப்பாளர்.

"பின்ன? கிடங்குங்கறது ஒரு பேராய்யா? மூட்டை அடுக்கற எடம் மாதிரி!"

"எனக்கும் ரொம்ப நாளா உறுத்திக்கிட்டேதான் சார் இருந்துச்சு. சொல்லத்தான் பயம்."

மூன்று அமர்வுகள் நடந்தன. "பெட்டகம்" கடைசிவரை போராடித் தோற்றது. "கருவூலம்" ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றது. புதிய சர்வரில் அந்தப் பெயரில் ஓர் இடம் திறந்தோம். அறைக் கதவில் பலகையும் மாட்டினோம். ஆக, கிடங்கை மாற்றியாயிற்று. பழைய சர்வருக்குப் பிரிவுபசாரம் நடத்தி, அதை ஒரு புள்ளி மிச்சமில்லாமல் அழித்து, பழைய இரும்புக்காரரிடம் ஒப்படைத்தோம்.

மறுநாள் காலை பச்சை டிக் விழுந்தது. அதன் கீழே பொடி எழுத்தில்: "மாற்றம் ஏதுமில்லை. நகலெடுக்க எதுவுமில்லை. வெற்றி." மென்பொருள் கெட்டிக்காரத்தனமானது. முன்பே நகலெடுத்ததை மறுபடி எடுக்காது, புதிதாக மாறியதை மட்டும் எடுக்கும். முடிவுகள் வெளியான பிறகு மதிப்பெண் எங்கே மாறப்போகிறது? நாற்பது நாளில் நாற்பது டிக் வாங்கினோம். "நாற்பது நாள், நாற்பது வெற்றி" என்று நான் அறிக்கை எழுதினேன்.

விடுப்பு முடிந்து வந்த வயரம்மா, "நகல்லேருந்து ஒரே ஒரு தடவ மார்க்க மீட்டெடுத்துப் பாத்துடலாமா சார்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கறப்பவே எதுக்கும்மா அபசகுனமா பேசறீங்க?" என்று இயக்குநர் கடிந்துகொண்டார்.

நாற்பத்தோராம் நாள் பெரிய கணினி படுத்துவிட்டது. எழுந்திருக்கவே இல்லை. பெருமிதத்தோடு கருவூலத்தைத் திறந்தோம். துடைத்துவிட்டது போல இருந்தது.

"கிடங்கு எங்க சார்?" என்றார் வயரம்மா.

"மாத்திட்டோமேம்மா."

"எங்க மாத்துனீங்க?"

"எங்கன்னா? கருவூலம்னு மாத்துனோம்."

வயரம்மா கழுத்து வயரைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாரம்தான் ஒரு பேருந்து நடத்துனர் எங்களிடம் வந்தார். நாற்பது வயதுப் பெண். தோளில் டிக்கெட் பை. பதினோரு வருடம் ஒவ்வொரு பாடமாக எழுதிப் பட்டம் முடித்தவர். பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை வேலை தயாராக இருந்தது. அவருடைய மதிப்பெண்கள் உண்மைதான் என்று வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் கடிதம் மட்டும் போக வேண்டும்.

"மார்க் பட்டியல் இதோ இருக்கு சார். நீங்க குடுத்ததுதான்."

"எங்க பதிவோட ஒப்பிட்டுப் பாத்துதாம்மா கடிதம் தர முடியும்," என்றார் இயக்குநர்.

"பாருங்க சார்."

"பதிவு இல்லையேம்மா."

"அப்ப நான் என்ன பண்றது?"

"மறுபடியும் பரீட்ச எழுதிடுங்க. படிச்சதெல்லாம் தலையிலதானே இருக்கும்? பாக்கப்போனா, நீங்கதாம்மா எங்க காப்புப் பிரதி!"

சொன்னவருக்கே மெய்சிலிர்த்தது. நான் குறித்துக்கொண்டேன்.

"பதினோரு வருஷம் சார். வண்டி கெளம்பறதுக்கு முன்னால பின்சீட்டுல உக்காந்து படிச்சது," என்றார் அவர். "டிக்கெட் கிழிச்சா அடிக்கட்டை என் கையில இருக்கணும். அதத் தொலச்சுட்டு, பயணிய எறங்கி மறுபடி ஏறிட்டு வாங்கன்னு நான் சொன்னா, என்ன வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்களா?"

இயக்குநர் திரையைப் பார்த்தார். அதில் அன்றைக்கும் பச்சை டிக் இருந்தது.

நடத்துனரின் கண் மேசைமேல் இருந்த மூன்று தடித்த கட்டுகளின் மீது விழுந்தது. "இது என்ன?"

"இடமாற்ற வெற்றி அறிக்கை," என்றேன். "மூணு பிரதி. மூணு பீரோவுல தனித்தனியா வச்சுப் பூட்டப்போறோம்."

"யார் எழுதினது?"

"நான்தான்," என்றேன். கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன்.

அவர் தன் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். "உங்க பொய்க்கு மூணு காப்பி வச்சிருக்கீங்க. நான் பாஸானதுக்கு ஒண்ணு வைக்கலையே சார்."

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அவர் இன்னும் அதே தடத்தில்தான் டிக்கெட் கிழிக்கிறார். என் வீட்டு வாசலில் நின்று போகும் பேருந்து அது. நான் இப்போதெல்லாம் அதில் ஏறுவதில்லை. பின்தெரு வழியாக, வெற்றிகரமாக, நடந்தே அலுவலகம் வருகிறேன்.