இன்னும் ஒரே ஒரு அங்குலம்

கூரை போடுகிறவரை உங்களுக்குத் தெரியும். கூரை மாற்றுகிறவரையும் தெரியும். கூரை வெட்டுகிறவர் என்று மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அவரை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். அப்படி யாரையும் நான் பார்த்ததில்லை என்கிறீர்களா? பார்த்திருக்கிறீர்கள். சொல்லிக்கொண்டே வருகிறேன், உங்களுக்கே முகம் தெரியும்.

கலிஃபோர்னியாவில் எங்கள் ஆயில்டேலில் தெருவுக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். எண்ணெய்க் கிணற்று வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். பேரப்பிள்ளைகள் ஊருக்கொருவராக இருப்பார்கள். யாரோ ஒருவருடைய கொல்லையில் கோழி அடைகாத்துக்கொண்டிருக்கும் தொண்ணூறு வருடத்துப் பழைய ஃபோர்டைப் பேசிப் பேசியே வாங்கி வருவார், கோழியை இறக்கிவிடுவார், துருவைச் சுரண்டுவார், உள்ளே இருந்த எஞ்சினைத் தூக்கிப் போட்டு அதைவிட நாலு மடங்கு வேகம் பிடிக்கிற எஞ்சினை உட்காரவைப்பார், மட்கார்டுகளைக் கழற்றுவார், முன்பக்கத்தைத் தாழ்த்துவார், இரண்டு பக்கமும் தீ நாக்கு நாக்காக எரிகிற மாதிரி பெயின்ட் அடிப்பார். இதற்குத்தான் ஹாட் ராட் என்று பெயர். இதுவரைக்கும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மனிதன் ஓய்வு பெற்ற பிறகு செய்யக்கூடிய உருப்படியான காரியம் இதைவிட வேறு இல்லை என்பது என் கருத்து.

பிறகு ஒரு நாள் காலையில் காப்பிக் கோப்பையோடு வெளியே வருவார். வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை நீட்டிப் பார்த்து, "கூரை கொஞ்சம் உசரமா தெரியல?" என்பார்.

அங்கே பிடிக்கிறது சனி.

அடுத்து எங்கே வருவார்? என்னிடம்தான். நான் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவன். பதினேழு வயதில் ஓட்டை டார்ச் ஒன்றை வைத்துக்கொண்டு வெல்டிங் ஆரம்பித்தேன். இன்றைக்கு இந்த வட்டாரத்தில் இந்த லீலண்டின் கை படாத ஹாட் ராட் இருந்தால் அது இன்னும் கோழிக்கூண்டாகத்தான் இருக்கும். இதுவரை நாற்பத்து மூன்று கூரைகள் வெட்டி இறக்கியிருக்கிறேன். மழை பெய்தால் ஒன்றில்கூட ஒரு சொட்டு ஒழுகாது. ஆயில்டேலில் எங்கே மழை பெய்கிறது என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்குப் பொறாமை.

வெட்டுவது விளையாட்டில்லை. கண்ணாடிகளுக்கு நடுவே கூரையைத் தாங்கி நிற்கிற தூண்களை அறுத்து, கூரையை அப்படியே தூக்கி, தூணில் மூன்று அங்குலத் துண்டை எடுத்துவிட்டு, மறுபடி இறக்கி ஒட்ட வேண்டும். தூண்கள் சாய்வாக இருப்பதால் இறக்கினால் ஒன்றோடொன்று பொருந்தாது. கூரையையே நாலாக அறுத்து அகலப்படுத்த வேண்டும். கண்ணாடிகளையும் வெட்ட வேண்டும். காலேஜ் படித்து வந்த என்ஜினியர் ஒருவர் இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் போட்டு முடிப்பதற்குள் நான் ஒன்றை வெட்டி ஒட்டிவிட்டேன்.

மூன்று அங்குலம். அதுதான் அழகு. அதற்கு மேல் போனால் வண்டிக்கு அழகு, மனிதனுக்கு அவஸ்தை. வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்வேன். ஒவ்வொருவரும் தலையை ஆட்டிவிட்டு ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "சரிதான். ஆனா இன்னும் ஒரே ஒரு அங்குலம்."

கூரை வெட்டுகிறவரின் விசேஷ குணம் என்ன தெரியுமா? அவர் வண்டியை எப்போதும் வெளியிலிருந்துதான் பார்ப்பார். முன்னால் நின்று பார்ப்பார், பின்னால் நின்று பார்ப்பார், குனிந்து பார்ப்பார், எதிர்வீட்டு மாடியில் ஏறி நின்றுகூடப் பார்ப்பார். ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து மட்டும் பார்க்க மாட்டார். உட்காரப் போவது அவரேதான் என்று ஞாபகப்படுத்தினால், அற்பத்தனமாகப் பேசுகிறோமே என்று நம்மை ஒரு பார்வை பார்ப்பார்.

ஆர்வல் ஸ்ட்ரவுடை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறடி இரண்டு அங்குலம். முப்பத்துநாலாம் வருடத்து ஃபோர்டு கூபே ஒன்றைப் பதினோரு வருடமாகச் செப்பனிட்டான். கூபேயில் இரண்டு பேர்தான் உட்காரலாம். அந்த இரண்டாவது இடம் வெர்லீனுக்கு என்று முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தான். வெர்லீன் அவன் மனைவி. நாற்பதாவது கல்யாண நாளுக்கு இந்த வண்டியில் உன்னைப் பிஸ்மோ கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னான். அந்த ஒரு சொல்லுக்காக அவள் பதினோரு வருடம் கராஜைக் கொடுத்தாள், துணி துவைக்கும் இயந்திரத்தைப் பின்வாசலுக்கு மாற்றினாள், கிறிஸ்துமஸ் விருந்தில் சாப்பாட்டு மேசைமேல் கார்புரேட்டர் கிடந்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்தாள். கேட்டது ஒன்றுதான்.

"நான் நிமிந்து உக்காந்து போகணும், ஆர்வல். அவ்வளவுதான். நாப்பது வருஷம் உன்கூட வளைஞ்சு குடுத்தாச்சு."

மூன்று அங்குலம் வெட்டிக் கொடுத்தேன். இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள். வெர்லீனின் கொண்டைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை டோனட் கடை வாசலில் வழக்கம்போல ஹாட் ராட்காரர்கள் எல்லோரும் வண்டிகளை நிறுத்திக்கொண்டு நின்றிருந்தோம். டாயில் பெட்டிக்ரூ வந்து இறங்கினான். ஐந்தடி நாலு அங்குலம். வேறு ஊரில் கொடுத்து நாலு அங்குலம் வெட்டியிருந்தான். வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஆர்வலின் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு நாய் நின்றிருந்தது.

திங்கட்கிழமை ஆர்வல் என் பட்டறைக்கு வந்துவிட்டான். இன்னும் ஒரு அங்குலம் இறக்கினேன். நாலு. டாயில் நாலரைக்குப் போனான். அந்த வருடம் பிஸ்மோவில் ஹாட் ராட் விழாவும் அவர்கள் கல்யாண நாளன்றே வந்தது. அதற்கு ஆறு வாரம் இருக்கும்போது ஆர்வல் மறுபடி வந்தான்.

"அஞ்சு" என்றான்.

"ஆர்வல், நீ ஆறடி ரெண்டு."

"சீட்டை எடுத்துட்டேன். பலகை மேல ஒரு துணியைப் போட்டு உக்காந்துக்கறேன்."

"ஸ்டீரிங் எங்கப்பா இருக்கும்? மூக்குகிட்டயா?"

"சரிஞ்சு உக்காந்தா தெரியாது."

"வெர்லீன்?"

கொஞ்சம் யோசித்தான். "அவ கொண்டையை உசத்திப் போடறா. அதைக் கொஞ்சம் இறக்கிட்டா போதும்."

"யோவ், கூரையை நான் வெட்டறேன். கொண்டையை வெட்டச் சொல்லி அவகிட்ட யாரு சொல்றது?"

"நீதான் நல்லாப் பேசுவியே, லீலண்ட்" என்றான்.

நான் சொல்லவில்லை. வெட்டிக் கொடுத்தேன். என்னைக் குறை சொல்லாதீர்கள். நான் வெட்டாவிட்டால் அந்த வேறு ஊர்க்காரன் வெட்டியிருப்பான், அவன் ஒட்டியது ஒழுகும். அதோடு, நான் வெட்டிய எந்தக் கூரைக்குக் கீழேயும் நான் உட்கார்ந்ததில்லை. என் பிக்கப் லாரியின் கூரை, ஐம்பத்தோராம் வருடம் கம்பெனியிலிருந்து வந்தபோது எவ்வளவு உயரம் இருந்ததோ அவ்வளவு உயரம் இன்றைக்கும் இருக்கிறது.

பார்க்க அந்த கூபே எப்படி இருந்தது என்கிறீர்கள்? சத்தியமாக, அதைவிட அழகான ஒன்றை நான் செய்ததில்லை. நிற்கும்போதே பாய்வதுபோல இருந்தது. கண்ணாடி, தபால் பெட்டி வாய் அளவுக்கு நீளமாக, ஒடுக்கமாக. அந்த வாய்க்குள் ஆர்வல் ஏறுவதைப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு காலை விடுவான், பிறகு இடுப்பு, பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தலை, கடைசியாக மிச்சக் காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பான். சுருட்டிய பாயைப் பெட்டிக்குள் திணிப்பது போல இருக்கும். திணித்து முடித்ததும் ஜன்னல் வழியாக ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரியும். யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்பே அந்தப் பாதி மீசை சொல்லும்: "சோபா மாதிரி இருக்கு."

கல்யாண நாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அவர்கள் முன்னால், நான் என் லாரியில் பின்னால். வெர்லீன் கொண்டை போடவில்லை. கூந்தலைத் தொங்கவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, தோளில் காது படும்படி உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் பேசவில்லை. அது நல்லதில்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஆர்வலுக்கும் தெரிந்திருக்கும், ஆனால் அவனால் கழுத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது.

இன்னொன்று, ஐந்து அங்குலம் வெட்டின வண்டியில் சிக்னல் விளக்கு தெரியாது. விளக்கு மேலே இருக்கிறது, மனிதன் கீழே இருக்கிறான், நடுவில் கூரை இருக்கிறது. அதனால் விளக்கு கண்ணில் படவேண்டும் என்று கூரை வெட்டினவர் நிறுத்தக் கோட்டுக்கு நாற்பதடி பின்னாலேயே நின்றுவிடுவார். பின்னால் இருப்பவர்களெல்லாம் ஹாரன் அடிப்பார்கள். முதல் சிக்னலில் அடித்தார்கள். இரண்டாவதிலும் அடித்தார்கள். மூன்றாவது சிக்னலில் ஆர்வல் ரோஷப்பட்டுக் கோடு வரைக்கும் போய் நின்றான்.

"என்ன கலர் எரியுது?" என்று அவன் கேட்டது எஞ்சின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது.

"எனக்கு என் மடிதான் தெரியுது" என்றாள் வெர்லீன்.

"இறங்கிப் பாத்துச் சொல்லேன், கண்ணு."

இறங்கினாள். நடுத்தெருவில் நின்றாள். மெதுவாக, ஒவ்வொரு எலும்பாக, நிமிர்ந்தாள். நிமிர்ந்த சுகத்தில் கண்ணை மூடித் திறந்தாள். விளக்கு மாறியது.

"பச்சை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். "நீ போ."

அவன் நின்றிருக்க வேண்டும். நடைபாதையில் ஏழெட்டுப் பேர் நின்று வண்டியைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் போட்டோ எடுத்தான். அத்தனை பேர் பார்க்கும்போது கூரை வெட்டினவரால் வண்டியை ஓரங்கட்டிக் கதவைத் திறந்து மனைவியைக் கூப்பிட முடியுமா? ஆர்வல் போய்விட்டான்.

வெர்லீன் என் லாரிக்கு வந்தாள். "லீலண்ட், உன் வண்டியில கூரை முழுசா இருக்கா?"

"இருக்கும்மா."

"அப்போ நகரு."

நூற்று முப்பது மைல். டாஃப்ட் தாண்டி, வெயிலில் காய்ந்த மலைகளைத் தாண்டி, அவள் அதிகம் பேசவில்லை. சான்டா மரியாவில் விறகில் சுட்ட மாட்டிறைச்சி வைத்த ரொட்டி வாங்கிக் கொடுத்தேன். அப்போது மட்டும் ஒன்று சொன்னாள். "பதினோரு வருஷமா அந்த வண்டிமேல எனக்குப் பொறாமையே வந்ததில்ல. எனக்கும் அதுல ஒரு இடம் இருக்குன்னு நெனச்சேன்." நான் வாயில் இருந்ததை மென்றேன். வெட்டினது நான்.

பிஸ்மோவில் ஆர்வலின் வண்டியைச் சுற்றி மூன்று வரிசைக் கூட்டம். டாயில்கூடக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்வல் வண்டிமேல் சாய்ந்து நின்றிருந்தான். ஸ்டைலுக்கு இல்லை, சாயாமல் நிற்க முடியவில்லை.

"ஓட்ட எப்படி இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"சோபா."

"ரெண்டு பேர் உக்காரலாமா?" கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"தாராளமா உக்காரலாம்" என்றான் ஆர்வல், யார் என்று பார்க்க முழு உடம்பையும் திருப்பியபடியே.

வெர்லீன் கையில் மிச்ச ரொட்டியோடு நின்றாள். "அப்படியா. அப்போ அந்த இன்னொரு ஆள் எங்கே?"

அங்கே நின்ற ஆண்களில் பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். ஆர்வல் கூட்டத்தைப் பார்த்தான். டாயிலைப் பார்த்தான். வெர்லீனைப் பார்த்தான்.

"கழுத்து வலிக்குது, வெர்லீன்" என்றான். "டாஃப்ட்லேருந்து இடது கால் மரத்துப் போச்சு. சிக்னல் ஒண்ணுகூடத் தெரியல. பக்கத்துல பேச ஆளும் இல்ல."

டாயில் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு மார்ச்லேருந்தே வலிக்குது" என்றான் டாயில்.

"நீ அஞ்சடி நாலுதானேய்யா" என்றேன்.

"அஞ்சடி நாலுக்கும் கழுத்து இருக்குல்ல" என்றான்.

அந்த வாரமே என் பட்டறை வாசலில் நாலு வண்டிகள் வரிசையில் நின்றன. வெட்டின அங்குலத்தைத் திரும்ப வைப்பது வெட்டுவதைவிட மூன்று மடங்கு வேலை. கலிஃபோர்னியா முழுக்கத் தேடினாலும் ஒட்டு தெரியாமல் அதைச் செய்யக்கூடியவன் ஒருவன்தான். அடக்கமாகச் சொல்கிறேன்: நான்தான். வெர்லீனை உள்ளே உட்காரவைத்து, கொண்டையை எவ்வளவு உயரமாக வேண்டுமானாலும் போடச் சொல்லி, அதற்கு மேல் ஒரு விரல் விட்டுக் கூரையை நிறுத்தினேன். ஆகஸ்ட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, விழா இல்லாத, வேடிக்கை பார்க்க ஆளே இல்லாத ஒரு நாளில், இருவரும் பிஸ்மோ போய் வந்தார்கள். எப்படி இருந்தது என்று ஆர்வலைக் கேட்டேன். "வண்டி பாக்க ரொட்டி டப்பா மாதிரி இருக்கு" என்றான். போகவர வெர்லீன் வாயை மூடவே இல்லை என்றும் சொன்னான். குறையாகச் சொல்லவில்லை.

இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். உங்களிடம் பழைய ஃபோர்டு இல்லை, வெல்டிங் டார்ச்சும் இல்லை. சரி. தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்காகக் கட்டி, நீங்கள் உட்கார முடியாமல் உட்கார்ந்திருக்கிற ஒன்று, ஒரு வீடோ ஒரு வேலையோ ஒரு செருப்போ, உங்களிடம் இல்லவே இல்லையா? "எப்படி இருக்கு?" என்று யாராவது கேட்டால், கேள்வி முடிவதற்குள் "பிரமாதம்" என்று வந்துவிடுகிறதா? அப்படியானால் சண்டை வேண்டாம், ஒன்று மட்டும் செய்யுங்கள். தலையை மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பி, பக்கத்து இடத்தில் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள்.

திருப்ப முடியவில்லையா? நான் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கடை திறக்கிறேன்.