பின்கதவுச் சாவி பற்றி மாப்பிள்ளைக்கு

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். மகளும் பேத்தியும் நலமாக இருப்பார்கள். உங்கள் நலத்தை மட்டும் இந்த முறை விசாரிக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன், மனம் கேட்கவில்லை. நலம்தானே?

என் அட்டைப்பெட்டிப் பட்டறையின் பின்கதவு எப்போதும் பூட்டியே கிடக்கிறது, தீப்பிடித்தால் தப்ப வழியில்லை என்று என் வேலையாட்களே உங்கள் அலுவலகத்துக்கு மனுப் போட்டார்கள். போடட்டும், மாநில அரசு வக்கீலாக, அதுவும் தொழிலாளர் பிரிவிலேயே, சொந்த மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது எனக்கென்ன என்று நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் திரிந்தேன். நீங்களோ, "அது எங்க மாமனார் பட்டறை, அந்த ஃபைல நான் தொடமாட்டேன்" என்று ஒதுங்கிக்கொண்டீர்களாம். ஒதுங்கியதுதான் ஒதுங்கினீர்கள், கொஞ்சம் சாதுவான வக்கீலாகப் பார்த்து அனுப்பியிருக்கக் கூடாதா? வந்த அம்மையார் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உங்கள் பெயரை எடுத்தேன். "அவர் உங்களுக்கு மாப்பிள்ள, எனக்குப் பக்கத்து மேஜை. கதவக் காட்டுங்க" என்றார்.

அதோடு விட்டாரா? என்னை வாசலில் நிற்க வைத்துவிட்டு, என் நாற்காலியிலேயே உட்கார்ந்து, வேலையாட்கள் பதினான்கு பேரிடமும் தனித்தனியாகப் பேசினார். மனுப் போட்டதற்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்த முடியாது என்று தைரியம் வேறு சொன்னார். பத்தொன்பது வருஷமாக "சரிங்க முதலாளி" தவிர வேறு பேச்சறியாத பசைக்காரம்மா, அதாவது எங்களுக்குப் பசை காய்ச்சுகிறவர், அரை மணி நேரம் பேசினார் மாப்பிள்ளை! என்னிடம் வந்ததும் நான் வீறாப்பாக, "வேலை நேரத்துல பின்பக்கமா நழுவிடுறாங்கன்னுதாம்மா பூட்டுறேன். ஆபத்துன்னா ஒரே நிமிஷத்துல தொறந்துட மாட்டேனா?" என்று வாயைக் கொடுத்தேன். "தொறங்க" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையைத் தடவினேன், மேஜையைக் குடைந்தேன். சாவி வீட்டில், துவைக்கப் போட்ட சட்டையில். உங்கள் அத்தை அதை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்து சேர நாற்பத்தேழு நிமிஷம். வந்தவர் சாவியைக் கொடுத்தோமா போனோமா என்று இருந்தாரா? "நானும் பத்து வருஷமாச் சொல்றேம்மா, இந்த மனுஷன் காதுல வாங்கினாத்தானே" என்று வாக்குமூலமும் கொடுத்தார். அம்மையார் நாற்பத்தேழை எண்ணிலும் எழுத்திலும் குறித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வழக்குப் போடுகிறார்களாம். இந்த வயதில் கோர்ட்டுப் படி ஏறுவது எனக்கு அவமானமாக இருக்கிறது. பக்கத்து மேஜைதானே, ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துங்கள். பூட்டு மட்டும் பூட்டியபடிதான் இருக்கும். என் பட்டறை, என் இஷ்டம்.

பேத்திக்கு ஆயிரம் முத்தம். மகளுக்கு நிறைந்த ஆசிகள். உங்களுக்கும் உண்டு, ஒரு பிடி குறைவாக.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: இந்த உறையை ஒட்டப் பசை வாங்கப் பட்டறைக்குள் போனேன். பசை அடுப்பிலிருந்து அட்டைக் கழிவில் தீப்பிடித்து, முன்வாசல் பக்கம் முழுக்கப் புகை. சாவி இன்று என் பையில்தான் இருந்தது, ஆனால் அவசரத்தில் கீழே போட்டுவிட்டேன். பசைக்காரம்மாதான் தடவி எடுத்துத் திறந்தார். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, திகைத்து நின்ற என்னையும் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார். தெருவில் நின்று இருமிக்கொண்டே எண்ணினேன். பதினான்கு பேரும் இருந்தார்கள். அழுதுவிட்டேன் மாப்பிள்ளை.

பூட்டைக் குப்பையில் எறிந்தாயிற்று. நீங்கள் யாரிடமும் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். வழக்கு வரட்டும், நான் படியேறுகிறேன். இன்னொன்று: அடுத்த தெருவில் என் அண்ணனின் பட்டறையிலும் பின்கதவுக்குப் பூட்டுதான். அவர் உங்களுக்குப் பெரிய மாமனார், நீங்கள் வரமாட்டீர்கள். அந்த அம்மையாரையே சீக்கிரம் அனுப்புங்கள். மனு இத்துடன் இருக்கிறது. அண்ணனின் ஆட்கள் கையெழுத்துப் போடப் பயந்ததால், முதல் கையெழுத்து நான் போட்டிருக்கிறேன்.