பதினொரு மணிச் செலவு

இந்தக் கதையில் சிரிப்பு இருக்கிறது. ஆனால் உடனே தரமாட்டேன். அலுவலக முறைப்படி முதலில் விண்ணப்பம், பிறகு பரிசீலனை, அதன் பிறகுதான் சிரிப்பு. தயவுசெய்து வரிசையில் நில்லுங்கள்.

என் அக்காவுக்குச் சம்பளப் பிரிவில் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. அலுவலகத்தில் உள்ள அத்தனை பேர் சம்பளமும் கம்ப்யூட்டருக்குள் கிடக்கும். அதனிடம் ஒழுங்காகக் கேள்வி எழுதிக் கேட்டால் கூட்டிச் சொல்லும். அந்தக் கேள்விக்குப் பேர் க்வெரி. அதை எழுதுவது அக்கா. மாதக் கடைசி நாள் காலை பதினொரு மணிக்கு ஒரு பொத்தானை அழுத்தி எல்லாருக்கும் சம்பளம் அனுப்புவதும் அவள்தான்.

அவளுடைய இயக்குநர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்தார். வந்த கையோடு சுவரில் பெரிய திரை ஒன்றை மாட்டினார். அந்த வருஷம் எல்லா இயக்குநர்களும் திரை மாட்டினார்கள். மாட்டாதவரைப் பார்த்து, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள்.

"ஏம்மா, சம்பளச் செலவு முழுசும் இதுல தெரியணும்."

அக்கா வருஷவாரியாகக் கூட்டினாள். ஒரே ஒரு எண் வந்தது.

"ஒத்தை நம்பரா? இவ்வளவு பெரிய திரையில இது அநாதையா நிக்குது பாரு."

மாதவாரியாகக் கூட்டினாள். பன்னிரண்டு கோடுகள், கிட்டத்தட்ட ஒரே உயரம்.

"ஸ்கூல் பிரேயர் மாதிரி நிக்குது. இதுல குற்றவாளி யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்னும் பிரி."

வாரவாரியாகப் பிரித்தாள்.

"மாசத்துக்கு ஒரு வாரம்தான் வருது. மத்ததெல்லாம் எங்க?"

"அந்த வாரங்கள்ல செலவே இல்ல சார். இல்லாததை க்வெரி கொண்டு வராது."

"சிக்கனமா இருந்த வாரத்தை இருட்டடிப்புப் பண்றியா? எல்லாத்தையும் வரச் சொல்லு!"

அக்கா தனியாக ஒரு காலண்டர் அட்டவணை செய்தாள். அதோடு சம்பளத்தை இணைத்து, ஒன்றும் இல்லாத இடத்தில் பூஜ்யத்தை நிரப்பினாள். பூஜ்யத்துக்குப் பச்சை, செலவுக்குச் சிவப்பு என்று இயக்குநரே நிறம் தேர்ந்தெடுத்தார். திரை முழுக்கப் பச்சைப்பசேல். மனுஷர் புதிதாக வயல் வாங்கியவர்போலக் குளிர்ந்துபோனார். ருசி கண்டுவிட்டதால் நாள்வாரியாகக் கேட்டார். அதுவும் போதாமல் மணிவாரியாகக் கேட்டார்.

இப்போது மாதம் முழுக்கப் பச்சை. ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவப்பு. கடைசி நாள், பதினொன்றிலிருந்து பன்னிரண்டு.

"பிடிச்சுட்டேன்! மொத்தப் பணமும் இந்த ஒரு மணி நேரத்துலதான் ஓடுது. ராத்திரி ரெண்டு மணியைப் பாரு, எவ்வளவு ஒழுக்கமா இருக்கு!"

"சார், அப்பதான் சம்பளம்..."

"சாக்குப்போக்கு வேண்டாம். அந்த நேரத்துக்கு யார் பொறுப்பு?"

"நான்தான் சார்."

மாலைக்குள் குறிப்பாணை வந்துவிட்டது. "மேற்படி மணி நேரத்தில், தங்கள் பொறுப்பில், இந்நிறுவனத்தின் ஒட்டுமொத்தச் சம்பளச் செலவும் நிகழ்ந்துள்ளமை மிகுந்த அதிர்ச்சியுடன் கவனத்தில் கொள்ளப்படுகிறது. நிரந்தரமாக்கப்பட வேண்டிய தங்களை ஏன் நிரந்தரமாக வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதற்குத் தக்க விளக்கம் அளிக்குமாறு இதன்மூலம் பணிக்கப்படுகிறது."

வீட்டில் அம்மா படபடத்தாள். "அந்த மனுஷன்கிட்ட எதிர்த்துப் பேசித் தொலைக்காதடி. என்ன கேக்கறாரோ அதை அப்படியே செஞ்சிடு. உன் வேலை போனா நாம என்ன பண்றது?"

"அப்படியே செஞ்சிடட்டுமாம்மா?"

"அப்படியேதான்!"

அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எங்கள் குடும்பத்தில் அந்த வெளிச்சம் வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவது நல்லது.

மறுநாள் விளக்கம் போனது: "மேற்படி மணி நேரத்தில் எவ்விதச் செலவும் நிகழாதவாறு பார்த்துக்கொள்ள அனுமதி கோருகிறேன்." இயக்குநர் படித்தார். கண் கலங்கினார். "இப்படி ஒரு ஊழியரைத்தான்ம்மா இத்தனை வருஷமா தேடிட்டிருந்தேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

மாதக் கடைசி நாளை விழாவாகவே அறிவித்துவிட்டார். ஊழியர்கள் அரங்கில் நிரம்பினார்கள். திரை மாட்டிய மற்ற இயக்குநர்கள் முன்வரிசையில் பொறாமையோடு உட்கார்ந்தார்கள். பதினொரு மணி அடித்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டாள். பன்னிரண்டு அடித்தது. சிவப்பாக வேண்டிய கட்டம் பச்சையாகச் சிரித்தது.

"பூஜ்யம்!" என்று மைக்கில் முழங்கினார் இயக்குநர். "நூறு சதவீதச் சிக்கனம்!"

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கணக்காளர் விசிலடித்தார். இயக்குநர் அந்த மேடையிலேயே அக்காவை நிரந்தரமாக்கிக் கையெழுத்திட்டார். அந்தப் பூஜ்யத்தில் தன் சம்பளமும் உண்டு என்பது தெரிந்ததால் அவள் மட்டும் கைதட்டவில்லை.

இயக்குநருக்கு மனைவியிடமிருந்து போன் வந்தது. வாழ்த்தத்தான் கூப்பிடுகிறாள் என்று ஸ்பீக்கரில் போட்டு மைக்கில் வைத்தார்.

"என்னங்க, வீட்டுக் கடன் தவணை திரும்பிடுச்சாம். பேங்க்ல கத்தறாங்க. இன்னிக்கு சம்பளம் போடலையா?"

"யாருக்குமே போடலடி! அதுதானே நம்ம சாதனையே!"

கைதட்டல் முதலில் பின்வரிசையில் நின்றது. பிறகு நடுவில். விசிலடித்த கணக்காளரின் விரல் வாயிலேயே இருந்தது. ஆளாளுக்குச் செல்போனை எடுத்துத் தடவினார்கள். இயக்குநர் மட்டும் சிரித்த முகத்தோடு அமைதியான அரங்கத்தைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா... அந்தப் பூஜ்யத்துக்குள்ள... நானும் இருக்கேனா?"