இருபத்தைந்துக்கு வந்த சம்பந்தி

எதையும் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. கோயிலில் தீபாராதனை நடக்கும்போது மணி எத்தனை தரம் அடித்தது என்று எண்ணிக்கொண்டு நிற்பேன். வேண்டிக்கொள்ள வந்த விஷயம் மறந்துபோகும். சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டு, மின்விசிறிக்கு இறக்கை, பஸ்ஸில் காலி இருக்கை எல்லாம் என் பொறுப்பு. (இந்தக் கட்டுரையில் எத்தனை அடைப்புக்குறி போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.) அப்பேர்ப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு எண்ணைச் சரிபார்க்காமல் விட்டேன். அந்த எண் இருபத்தைந்து.

தொண்ணூறுகளின் தொடக்கம். தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால், வாதாம் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு பழைய பங்களாவில் எங்கள் அலுவலகம். துண்டும் படுக்கை விரிப்பும் ஏற்றுமதி செய்தோம். நான் நிர்வாக அதிகாரி. வேறு யாருக்கும் பொறுப்பில்லாத விஷயங்களுக்கெல்லாம் பொறுப்பாளன் என்று அர்த்தம். தண்ணீர்த் தொட்டி, குடை ஸ்டாண்டு, புறா எச்சம், டெலிபோன்.

வாசலில் ஸ்டெல்லா உட்கார்ந்திருப்பாள். சாந்தோம் பெண், குரலில் எப்போதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும். வெளியிலிருந்து வரும் அழைப்பை அவள் வாங்கி, உரிய எண்ணை அழுத்தி, உள்ளே அனுப்பிவிடுவாள். மாடியில் இருப்பவர்களுக்கு இருபத்தொன்றிலிருந்து இருபத்தெட்டு வரை. கீழே இருப்பவர்களுக்கு முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை. மாடியில் என் மேஜைக்கு இருபத்தைந்து. கீழே ஸ்டோர் அறைக்கு முப்பத்தைந்து.

ஸ்டோர் என்றால் கண்ணப்பன். பேப்பர், பேனா, பென்சில் எல்லாம் அவன் வசம். புதுப் பென்சில் வேண்டுமென்றால் பழைய துண்டைக் காட்ட வேண்டும் என்று நான் ஒரு விதி போட்டிருந்தேன். அன்றுமுதல் அவன் என்னைப் பார்த்தால் பட்டாளத்துக்காரன் மாதிரி சல்யூட் அடிப்பான். நான் திரும்பியதும் முதுகுக்குப் பின்னால் யாராவது சிரிப்பார்கள்.

அந்தக் கார்த்திகையில் என் பெண் வசந்தியைப் பார்க்க அடையாறிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பையன் நல்ல பையன். அவன் அப்பா சுந்தரேசன் தங்கமான மனிதர். பஜ்ஜியை ரசித்துச் சாப்பிட்டார். நானும் உபசாரம் தெரிந்தவன்தான். “இன்னும் ஒண்ணு எடுத்துக்கோங்கோ, அஞ்சுதான் ஆயிருக்கு. ஆளுக்கு ஆறு” என்றேன். அவர் கை அந்தரத்தில் நின்றதை அன்றைக்கு நான் ஏதோ கூச்சம் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. போனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பக்கத்து வீட்டுப் போனுக்கு வரும் அழைப்பை நம்பலாம் என்றால், அவர்களோடு தண்ணீர்க் குடத்தில் சண்டை. ஆகவே ஆபீஸ் எண்ணைக் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல், “இருபத்தஞ்சுன்னு கேளுங்கோ, நேரே என் டேபிளுக்கே வந்துடும்” என்று ஒரு மந்திரி தோரணையில் சொன்னேன். “வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிவைச் சொல்லிடறேன்” என்றார் சுந்தரேசன்.

வசந்தி அதற்குமுன் வந்த வரன்களையெல்லாம் தானே வேண்டாம் என்றவள். இந்தத் தடவை காப்பி டம்ளர் கழுவும்போது ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை நான் செருப்பு மாட்டும்போது தூணைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “அப்பா, உங்க ஆபீஸ் போனெல்லாம் ஒழுங்கா வேலை செய்யறதோன்னோ?”

ஒரு பெண் அதற்குமேல் எப்படிச் சொல்வாள்? “பேஷா” என்றேன்.

ராத்திரி முழுக்க மழை பெய்திருந்தது. ஆபீசுக்குப் போய் ரிசீவரை எடுத்தால் காதில் ஒன்றுமே இல்லை. இரைச்சல் இருந்தால்கூடச் சண்டை போடலாம். இது பஞ்சு. தலையணைக்குள் காதை வைத்த மாதிரி என் ரத்தம் ஓடுவதுதான் எனக்குக் கேட்டது. அடுத்த மேஜை, அதற்கடுத்த மேஜை என்று போனேன். மாடியில் எட்டும் செத்திருந்தன. கீழே எட்டும் உயிரோடு சிரித்தன.

கீழே போய் டெலிபோன் மெக்கானிக்கைக் கூப்பிட்டால், “ரோடெல்லாம் தண்ணி சார், நாளைக்குத்தான் வர முடியும்” என்றான்.

ஸ்டெல்லா நல்லவள். “சார், உங்களுக்குக் கால் வந்தா நான் ஹோல்டு பண்ணிட்டு வந்து கூப்பிடறேன். இங்கயே நின்னு பேசிடுங்க” என்றாள்.

கேட்டிருக்கலாம். ஆனால் வருங்காலச் சம்பந்தியிடம் டேபிளுக்கே வரும் என்று சொன்னவன், கூரியர்க்காரனுக்கும் குடைகளுக்கும் நடுவில் நின்றா கல்யாண முடிவைக் கேட்பது? “தேவையில்லைம்மா. நானே சரி பண்றேன்” என்றேன். (மெக்கானிக் ஒருமுறை வேலை செய்ததைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். என் படிப்புக்கு அது போதும் என்று நினைத்தேன்.)

மாடிப்படிக்கு அடியில் ஒரு சின்ன அறை. எல்லா மேஜைக்கும் இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் டெலிபோன் பெட்டி அங்கேதான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வாதாம் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இலை வழியாக வந்த வெளிச்சத்தில் அறையே பச்சைத் தண்ணீருக்குள் மூழ்கினாற்போல் இருந்தது. மூடியைத் திறந்தேன். நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று மயிரிழைக் கம்பிகள் பின்னிப் பின்னி எங்கோ போயின. அவற்றில் எதிலோ இன்னும் சில மணி நேரத்தில் அடையாறிலிருந்து ஒரு ‘சரி’ வரப்போகிறது. அது எந்த நிறத்தில் வரும் என்று யோசித்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். ஸ்டெல்லா எட்டிப் பார்த்து, “சார், தூங்கிட்டீங்களா?” என்றாள்.

பெட்டிக்கு அடியில் இரண்டு தடித்த கேபிள்கள், முனையில் அகலமான பிளக்கோடு. ஒன்று மாடிக்கு, ஒன்று கீழ்த்தளத்துக்கு. ஒரு பிளக் லேசாக நழுவி, ஈரமாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன்! அதை மட்டும் துடைத்து அழுத்தியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் நான் முறையாகச் செய்கிறவன். நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டாமா? மின்சாரத்தை அணைத்து, இரண்டையும் பிடுங்கி, கைக்குட்டையால் இரண்டையும் அக்கறையாகத் துடைத்து, ஊசிகளை எண்ணி (சமம்), பழையபடி செருகினேன்.

பழையபடி என்றுதான் நினைத்தேன். இரண்டு பிளக்குக்கும் ஒரே முகம்.

மின்சாரத்தைப் போட்டுவிட்டு, மேலே ஓடி ரிசீவரை எடுத்தேன். ஆகா! டயல் டோன் என்பது எவ்வளவு இனிமையான சத்தம் என்று அது உயிரோடு இருக்கும்போது யாருக்கும் தெரிவதில்லை. மயிலாப்பூர் சபாவில் திரை விலகுவதற்குமுன் தம்பூரா மட்டும் கேட்குமே, அந்த மாதிரி. எட்டு மேஜையிலும் போய் எட்டு தம்பூராவையும் கேட்டேன். கணக்குப்பிரிவில் கை தட்டினார்கள். “எதுக்கும் ஒரு முறை இருக்கு” என்று ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன்.

டோனைக் கேட்டேனே தவிர, இருபத்தைந்தை அழுத்தினால் எந்த மேஜையில் மணி அடிக்கிறது என்று பார்க்கவில்லை. மாடி எண்களெல்லாம் கீழேயும், கீழே உள்ளவை மாடியிலும் மாறியிருந்தன.

மத்தியானம் மறுபடி தூறியது. மோர் சாதம் உள்ளே போயிருந்தது. நான் போனுக்கு எதிரே கைகட்டி உட்கார்ந்தேன். முதல் மணி அடித்தது. தொண்டையைக் கனைத்து, என் குரலில் உள்ள தேன் அனைத்தையும் திரட்டி, “வணக்கம் சம்பந்தி” என்றேன்.

எதிர்முனையில் சம்பந்தி இல்லை. “சார், பேப்பர் கடையிலேர்ந்து பேசறேன். வெள்ளைத் தாள் வந்துடுச்சு. எப்ப எடுத்துக்கிறீங்க?”

“ராங் நம்பர்” என்று வைத்தேன். அடுத்து ஒருவர் கோந்து பாட்டில் வேண்டுமா என்றார். இன்னொருவர் கண்ணப்பனுக்கு மைத்துனராம். மழை நாளில் ராங் நம்பர் அதிகம் வரும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். பிறகு மழைச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் ஒன்றாகி, வாதாம் இலைகள் பந்தல் தோரணமாகி, நான் யாரையோ பன்னீர் தெளித்து வரவேற்றுக்கொண்டிருந்தேன்.

கண் விழித்தபோது எதிரே கண்ணப்பன். சல்யூட் இல்லை. அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது.

“சார், உங்க சம்பந்தி பேசுனாரு.”

“எங்கே?”

“கீழ. ஸ்டோர் போன்ல. இருபத்தஞ்சுன்னு கேட்டாராம், ஸ்டெல்லா போட்டுச்சாம், என்கிட்ட அடிக்குது. இன்னா மாயமோ.”

“என்னைக் கூப்பிடறதுக்கென்னடா?”

“கூப்ட வந்தேனே. வாயத் தொறந்துக்கினு தூங்கினு இருந்தீங்க. நடுவுல ‘வாங்கோ, வாங்கோ’ன்னு வேற. எழுப்ப மனசு வர்ல. போய், சார் தூங்கறாருன்னுட்டேன்.”

“ஐயோ.”

“அவரு ஒண்ணும் சொல்லல சார். ‘எழுப்பாதப்பா, உன்கிட்டயே ஒண்ணு கேக்கணும். அவர் எப்பவுமே இப்படித்தானா?’ன்னாரு.”

“எப்படி?”

“எண்றது சார். பஜ்ஜி மேட்டர்லாம் சொன்னாரு.”

“நீ என்ன சொன்னே?”

“கல்யாண விசயம், பொய் சொல்லலாமா? பென்சில் துண்டு கதைய சொன்னேன்.”

வசந்தி தூணைப் பார்த்துக்கொண்டு நின்றது கண்முன் வந்தது. அவள் முணுமுணுத்த பாட்டை இந்தக் கையால் நானே பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

கண்ணப்பன் அவசரப்படவில்லை. “அப்பறம் கேட்டாரு, ‘பொண்ணும் அப்பா மாதிரியா?’ன்னு. அதான் சார் அவங்க பயமே. அவரு ஊட்டம்மாவுக்குத் தூக்கமே இல்லியாம். வர்ற மருமவ காப்பிப்பொடிய எண்ணி எண்ணிப் போடுவாளோன்னு.”

“சரி, நீ?”

“வசந்தியம்மாவ எனக்குத் தெரியாதா? அன்னிக்கு மழையில உங்களுக்குக் கொட எடுத்தாந்துச்சே, எங்கிட்ட ஒரு பேனா கேட்டுச்சு. நாலு குடுத்தேன். எத்தினின்னுகூட பாக்கல. அப்டியே பையில போட்டுக்கினு, ‘தேங்ஸ்ணா’ன்னு போய்க்கினே இருந்துச்சு. அத்த அப்டியே சொன்னேன். அவரு சிரிச்ச சிரிப்பு இருக்கே! ‘அப்ப அம்மா ஜாடை. சரின்னு சொல்லிடுப்பா. ஞாயித்துக்கெழம வந்து தட்டு மாத்திக்கறோம்’னாரு. சார், முடிஞ்சி போச்சு சார்! பொண்ணுக்குக் கல்யாணம்!”

மாடி முழுக்கத் தலைகள் திரும்பின. யாரோ எழுந்து நின்றார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

“அது சரி, நாலு பேனாவா?”

அந்தச் சிரிப்பு ஓய வெகுநேரம் ஆயிற்று. வசந்திக்குச் செய்தி எட்டுவதற்குமுன் தி.நகரில் பாதிப் பேருக்கு இந்த வாக்கியம் எட்டிவிட்டது. வடபழனியில் கல்யாணம் நடந்தபோது, கண்ணப்பன் பந்தியில் சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நடித்தே காட்டினான். மேடையில் ஏறி அவன் கொடுத்த பரிசைப் பிரித்தால், வெல்வெட் பெட்டியில் நாலு பேனா.

என் வீட்டில் அதற்குப்பின் எந்த நல்ல செய்தியையும் நான் முழுதாக அனுபவித்ததில்லை. பேத்தி பிறந்தாள் என்று மாப்பிள்ளை போன் செய்தார், நான் வாயைத் திறப்பதற்குள், “அது சரி, நாலு பேனாவா?” என்று அவரே சொல்லிவிட்டார். பேத்திக்கு வேலை கிடைத்தபோது அவளும் அதைத்தான் சொன்னாள். சம்பந்தி இப்போதும் முக்கியமான விஷயமென்றால் முதலில் கண்ணப்பனுக்குத்தான் போன் செய்கிறார். அவன் சரி என்றபிறகு எனக்கு வரும்.

இப்போதெல்லாம் கையிலேயே போன். அதில் டோன் கிடையாது. மழை பெய்யும் மத்தியானங்களில் சும்மா காதில் வைத்துப் பார்ப்பேன். அதே பஞ்சு, அதே ரத்த ஓட்டம். கொஞ்ச நேரம் கழித்து வாதாம் இலை சொட்டும் சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருக்கும்.

அந்த வெல்வெட் பெட்டி வசந்தி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. போன வாரம் போயிருந்தபோது எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மெதுவாகத் திறந்து பார்த்தேன்.

மூன்றுதான் இருக்கிறது. கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.