விலை ஏற விளக்கேற்றியவன்

எந்தப் பொருளானாலும் அதன் விலை குறையவேண்டும் என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். நானோ ஒரு பொருளின் விலை ஏறவேண்டும், அதுவும் கன்னாபின்னாவென்று ஏறவேண்டும் என்று கோயிலில் நெய்விளக்கு ஏற்றியவன். அந்தப் பொருள் ஒரு சொகுசுக் கார். அதை வாங்குகிற யோக்கியதை அன்றைக்கும் எனக்கு இல்லை, இன்றைக்கும் இல்லை. (ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட கேரள எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குப் போகிற ஆள் நான். அங்கே கொஞ்சம் விலை குறைவு.)

தனுவச்சபுரத்தில் கல்லூரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஈ ஓட்டுகிற நேரம். அப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் கார் பார்ப்பேன். பார்ப்பதற்குக் காசு கிடையாதே. அந்தச் சமயத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி புதுக் கார் ஒன்றை முன்னும் பின்னும் உள்ளும் புறமும் காட்டிவிட்டு, விலையை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தது. 'விலை அறிவித்ததும் எனக்குத் தெரிவிக்கவும்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். பெயர், ஊர், போன் நம்பர் கேட்டார்கள், கொடுத்தேன். தொழில் என்ற இடத்தில் 'பிசினஸ்' என்று அடித்தேன். கை கூசவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. மெஷினில் பேப்பர் சிக்கி இரண்டு கையும் கறுப்பாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். அதுதான் பிழை. கடையில் ஆறேழு மாணவர்களும், ஆதார் நகல் எடுக்க வந்த பக்கத்து வீட்டு மரியதாசன் அண்ணனும் நின்றார்கள். திருவனந்தபுரம் ஷோரூமிலிருந்து ஒரு பெண், மலையாளத்தில் தேன் ஒழுகப் பேசினாள். என் விருப்பம் பதிவாகிவிட்டதாம். விலை அறிவித்த நிமிடமே என்னைக் கூப்பிடுவார்களாம். சாருக்கு எந்த நிறம் இஷ்டம் என்று கேட்டாள்.

"கறுப்பு" என்றேன்.

மாணவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மரியதாசன் அண்ணன் ஆதார் அட்டையை மடியில் சொருகிக்கொண்டு கேட்டார்: "எலே சுனிலு, காரு எடுக்கப் போறியா?"

"விலை சொல்லட்டும் அண்ணே, பிறகு பாக்கலாம்" என்றேன்.

இதில் எங்கே பொய்? ஒரு பொய்யும் இல்லை. விலை சொல்லட்டும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான். ஆனால் நான் காரோடு என்கிற எங்கள் ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. பைபாஸ் ரோட்டுக்கு எங்கள் குடும்ப நிலம் போனதும், அதற்கு அரசாங்கம் பணம் கொடுத்ததும் ஊருக்கே தெரியும். அந்தப் பணம் பதினொரு வாரிசுகளுக்குப் பிரிந்து, என் பங்குக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷினாக வந்தது யாருக்கும் தெரியாது.

மரியதாசன் அண்ணன் முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். அவர் வீட்டையும் என் வீட்டையும் ரோட்டோடு சேர்ப்பது நாலடி நடவழி ஒன்றுதான். வழியோரம் அவருடைய மதில். மதிலை நாலடி தள்ளிக் கட்டக்கூடாதா என்று என் அப்பா பதினைந்து வருஷம் அவரிடம் கேட்டார். "கடலுக்குப் போறவனுக்கு காரு வழி எதுக்கு?" என்று பதினைந்து வருஷமும் ஒரே பதில்தான் சொன்னார் அவர். அந்த மனிதர் மறுநாள் காலையில், அதுவும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மக்கா, ஈஸ்டர் கழிஞ்சதும் ஜின்ஸிக்கு கல்யாணமாக்கும். மாப்பிளை வீட்டுக்காரங்க பெரிய ஆளுவ. பொண்ண கூட்டிட்டுப் போக நாங்க காரு அனுப்பட்டான்னு கேக்குகாங்க. எனக்க மகளுக்க காலு அவனுக்க காருல படக்கூடாது. நீ எடுக்கப் போற வண்டியில எனக்க பிள்ளைய கோயிலுக்குக் கொண்டுபோவியா?"

"அண்ணே, விலை..."

"விலை சொல்லட்டும், சொல்லட்டும். நான் நாலடி விட்டுத் தாறேன். பேப்பரும் எழுதித் தாறேன். வண்டி எனக்க முற்றத்துல வந்து நிக்கணும், அவ்வளவுதான்."

அப்போதே காலில் விழுந்திருக்கவேண்டும். நான் மதிலைப் பார்த்தேன். அப்பாவை நினைத்தேன். "பாக்கலாம் அண்ணே" என்று சொல்லித் தொலைத்தேன். இரண்டே நாளில் மதில் தரைமட்டம்.

என் மனைவி பிந்து பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "இப்பமே போயி உள்ளத சொல்லுங்க" என்றாள்.

"அவசரப்படாத. அந்த வண்டி கோடிக்கு மேல போவும்னு எல்லாவனும் சொல்லுகான். விலை வந்ததும், இந்த அநியாய விலைக்கு எவன் வாங்குவான்னு சொல்லி கௌரவமா ஒதுங்கிரலாம். அண்ணனுக்கும் வேற வண்டி பிடிக்க சமயம் உண்டு."

பிந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். தப்பான விடைக்குச் சுழி போடும் முன் பார்க்கிற பார்வை அது.

விலை அறிவிப்பு இரண்டு முறை தள்ளிப்போனது. நாற்பது நாள் நான் தூங்கவில்லை. மூன்று செவ்வாய்க்கிழமை நெய்விளக்கு போட்டேன். ஒரு கோடியே பத்து என்றால் ஒரு குலை மட்டிப்பழம், ஒன்றரைக் கோடி என்றால் இரண்டு குலை என்று சாமியோடு பேரம்கூடப் பேசினேன். அந்தப் பக்கம் மரியதாசன் அண்ணன், எனக்குச் சிரமம் வரக்கூடாது என்று, விலை குறையச் சொல்லி அந்தோணியாருக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அறிவிப்பு நாளில் அவரே கடைக்கு வந்துவிட்டார். மாணவர்கள் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் மேடையில் நடந்துகொண்டே அரை மணி நேரம் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு திரையில் விலை வந்தது. எழுபது லட்சம்! எல்லோரும் எதிர்பார்த்ததைவிட முப்பது லட்சத்துக்கும் மேல் குறைவு. மாணவர்கள் விசிலடித்தார்கள். மரியதாசன் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்து, பக்கத்து டீக்கடையிலிருந்து கடை முழுக்கப் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார். என் பங்கை ஒரு மாணவன் கையில் கொடுத்தேன். அவருடைய மெழுகுதிரி ஜெயித்துவிட்டது.

கௌரவமாக ஒதுங்குகிற வழியும் அடைந்துபோயிற்று. அன்று சாயங்காலமே பிந்து என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவர் வீட்டு முற்றத்துக்குக் கூட்டிப் போனாள். எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தானையும் சொன்னேன், பதினொரு வாரிசையும் சொன்னேன். ஜின்ஸி உள்ளே போய்விட்டாள். அண்ணன் மதில் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"அப்போ எனக்க மதிலு?" என்றார் கடைசியில்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மூன்று சொல்லில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் காரின் பெயரைக்கூட அவர் சொல்லிவிட்டாராம். இனி எந்த முகத்தோடு போய் வாடகைக் காரில் பெண்ணை இறக்குவார்?

அப்போது பிந்து சொன்னாள்: "விலை கேட்டாச்சில்லா? இனி ஓட்டிப் பாக்கக் கேளுங்க. வீட்டுக்கே கொண்டுவந்து காட்டுவாங்களாம். நாள் நம்ம சொல்லுகதுதானே?"

கணக்கு டீச்சர்களை நான் அன்றிலிருந்து கூடுதலாக மதிக்கிறேன்.

கல்யாணத்தன்று காலை ஒன்பது மணிக்குக் கறுப்புக் கார் புது வழியில் நுழைந்தது. ஓட்டி வந்தவர் அனூப், ஷோரூமின் சேல்ஸ்மேன், கழுத்தில் டை. காரின் இரண்டு பக்கக் கதவிலும் 'டெஸ்ட் டிரைவ்' என்று கையகல எழுத்து. அனூப் பந்தலைப் பார்த்தார், வாழைமரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சாரே, இவிட வல்ல விசேஷமும் உண்டோ?"

"சின்னதா ஒண்ணு" என்றேன். (இருநூறு பேருக்குப் பிரியாணி வெந்துகொண்டிருந்தது.) அவர் யோசிப்பதற்குள் பிந்து எழுத்துகளின் மேல் இரண்டு பக்கமும் பூச்செண்டைக் கட்டிவிட்டாள். ஜின்ஸி வெள்ளை கவுனோடு பின்சீட்டில் ஏறினாள். வீட்டு ஆட்கள் மட்டும்தான் ஏறலாம் என்றார் அனூப். தங்கச்சி என்றேன். தேவாலயம் போய்ச் சேரும்வரை அவர் கண்ணாடி வழியாக மணப்பெண்ணுக்கு வண்டியின் சிறப்புகளை விளக்கிக்கொண்டே வந்தார், பின்சீட்டில் முதுகு பிடித்துவிடும் வசதி உட்பட. "ஏசிய கொஞ்சம் கூட்டுங்க, பவுடரு ஒழுகுது" என்றாள் ஜின்ஸி.

தேவாலய முற்றத்தில் கார் நின்றதும் கூட்டம் வாய் பிளந்தது. மரியதாசன் அண்ணன் கதவைத் திறந்து மகளை இறக்கியபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சம்பந்தியார் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். கதவை ஆசையாகத் தடவினார். பூச்செண்டு கழன்று கீழே விழுந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தார். நான் மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அவர் அனூப் பக்கம் திரும்பினார். "அப்போ நமக்கும் ஓட்டிப் பாக்கலாமா?"

அனூபுக்கு அன்று காலையிலிருந்து முதல்முறையாக முகம் மலர்ந்தது. "வாங்க சாரே!"

"பூசைக்கு இருவது நிமிசம் உண்டு" என்று சொல்லிக்கொண்டே ஏறிய சம்பந்தியார், மகனையும் கையசைத்துக் கூப்பிட்டார். மாப்பிள்ளையும் கோட்டோடு ஏறிக்கொண்டான். கார் போய்விட்டது.

இருபது நிமிடம் ஆயிற்று. முப்பது ஆயிற்று. பாதிரியாரான அச்சன் பூசை உடுப்போடு பீடத்தின் முன் நின்றார். பாடல்குழு வருகைப் பாட்டை மூன்றாவது முறையாகப் பாடியது. கோயிலுக்குள் போகிறோமே என்று அப்பாவும் மகனும் போனை அணைத்து வைத்திருந்தார்கள். பின்வரிசையில் யாரோ, மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று ஆரம்பித்தார்கள். படிக்கட்டில் பூங்கொத்தோடு நின்ற ஜின்ஸிக்கு உதடு துடித்தது.

மரியதாசன் அண்ணன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "எலே, மதிலும் இல்ல, காரும் இல்ல, இப்போ மாப்பிளையும் இல்ல!"

யாருடைய ஸ்கூட்டர் என்றுகூடப் பார்க்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டு பறந்தேன். தனுவச்சபுரம் போகிற வழியில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. சரக்கு ரயில் ஒன்று முடிவே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம், திரும்பி வருகிற வழியில், முதல் வண்டியாகக் கறுப்புக் கார் நின்றது. கேட்டுக்கு அடியில் குனிந்து புகுந்து, கண்ணாடியைத் தட்டினேன். முன்சீட்டில் சம்பந்தியார் அனூபிடம் மைலேஜ் கேட்டுக்கொண்டிருந்தார். பின்சீட்டில் முதுகு பிடித்துவிடும் வசதி சுகமாக ஓட, மாப்பிள்ளை வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கினேன்.

அவன் கண் விழித்து என்னைப் பார்த்தான். "கல்யாணம் முடிஞ்சுதா?" என்றான்.

முடிந்தது, ஒரு மணி நேரம் தாமதமாக. சம்பந்தியாருக்குக் கார் ரொம்பவும் பிடித்துவிட்டது. அனூப் ரசீதுப் புத்தகத்தை எடுத்ததும், "நல்ல வண்டிதான். அடுத்த மாடலுக்க விலை சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுப் பிரியாணிக்குப் போய்விட்டார். அந்தத் தேவாலயத்தில் இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு அச்சன் ஓர் அறிவிப்பு வாசிக்கிறாராம்: பூசை முடியும்வரை மாப்பிள்ளை எந்த வண்டியிலும் ஏறக்கூடாது. ஜின்ஸியும் புருஷனை விடுவதில்லை. அவன் எங்கே கண்ணயர்ந்தாலும், "கல்யாணம் முடிஞ்சாச்சு, எழும்புங்க" என்றுதான் எழுப்புகிறாள்.

மரியதாசன் அண்ணன் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. மதிலையும் திரும்பக் கட்டவில்லை. போன வாரம், ஆள் திடீரென்று கடைக்கு வந்தார். நகல் எடுக்க எதுவும் கொண்டுவரவில்லை. கடையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு பைய என் பக்கத்தில் குனிந்தார்.

"மக்கா, எளையவளுக்கும் பேசி முடிச்சாச்சு. சித்திரையிலயாக்கும். அந்த சமயத்துல எந்த வண்டிக்க விலை சொல்லுகானுவ? இப்பமே பேரு குடுத்து வை. மாப்பிளைய நான் கெட்டிப் போட்டுக்கிடுகேன்."