நெஞ்சுக்குள் ஆள் வைத்த கதை

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கையில் ஒரு கேமராவும் தலையில் ஒரு யோசனையும் ஒரே சமயத்தில் கிடைக்கக்கூடாது. எனக்கு இரண்டும் கிடைத்தன. எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்செங்கோட்டில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஸ்டூடியோ வைத்திருந்தேன். எழுந்தால் தலை இடிக்கும் (தினமும் இடித்தும் புத்தி வரவில்லை).

மற்றவர்கள் முகத்தை எடுக்கிறார்கள், நான் மனசை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். வித்தை இதுதான். லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் காகித வட்டம் வைத்து ஒருவரை எடுத்தால், நெஞ்சு மட்டும் ஃபிலிமில் பதியாது. அதே ஃபிலிமை மறுபடி முதலிலிருந்து ஓட்டி, அந்த வட்டத்துக்குள் மட்டும் வேறொருவரைப் பதித்தால், நெஞ்சுக்குள் ஆள் உட்கார்ந்திருக்கும். இந்த மேதை இதைச் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்தது சொந்த அக்காவின் கல்யாணத்தை.

மாப்பிள்ளை வீட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி உண்டு. புது வண்டி அப்போதுதான் வந்திருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் அவர்கள் வீட்டுக்குப் போய் முதலில் மாப்பிள்ளையின் அப்பாவை எடுத்தேன், அடுத்து மாப்பிள்ளையை. மறுநாள் மண்டபத்தில் அதே வரிசையில் எடுத்தால் அப்பா நெஞ்சில் ரிக் வண்டி, மாப்பிள்ளை நெஞ்சில் அக்கா. அவ்வளவுதான் வேலை.

விடிந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தாலி ஏறியதும் அக்கா அழுவாள், மூக்கு வீங்கும், வீங்கிய மூக்கு காலத்துக்கும் மாப்பிள்ளை நெஞ்சில் நிற்கும். அதனால் அவளை முதலில் எடுத்துவிட்டேன். வாசலில் மாலையோடு நின்ற ரிக் வண்டியை அப்புறம் எடுத்தேன். மூக்குக்குக் கவலைப்பட்டவன் வரிசைக்குக் கவலைப்படவில்லை.

ஃபிலிம் கழுவக் கொடுத்திருந்த சேலத்திலிருந்து படங்கள் ஆல்பத்தில் ஒட்டியே வந்தன. கைரேகை படுமென்று பிரித்துக்கூடப் பார்க்காமல் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். கூடம் நிறைய அவர்கள் சொந்தக்காரர்கள். அக்காவின் மாமியார்தான் முதலில் பிரித்தார். இரண்டு பக்கம் புரட்டியதும் கை நின்றது.

"ஏனுங்க," என்றார் கணவரிடம், மெதுவாக. "உங்க நெஞ்சுல மருமவ உக்காந்திருக்குதுங்களே. இருவத்தஞ்சு வருசமா சோறாக்கிப் போட்டவ எங்கீங்க இருக்கறேன்?"

"என்னைய ஏன் கேக்கற? அந்தத் தம்பியக் கேளு."

அடுத்த பக்கத்தில் மாப்பிள்ளை. நெஞ்சுக்குள் ரிக் வண்டி, மாலையும் எலுமிச்சம்பழமுமாக.

"பையன் மனசுல இருக்கறத அப்படியே புடிச்சுப்போட்டாப்ல," என்றார் ஒரு பெரியவர். யாரும் சிரிக்கவில்லை. அக்காவைச் சீர்ப் பாத்திரங்களோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள், எந்த பஸ்ஸில் ஏற்றுவது என்பதுவரை நான் யோசித்துவிட்டேன். அண்டா டவுன் பஸ்ஸில் ஏறாது.

வந்து ஒரு வாரமாக அந்த வீட்டில் வாய் திறக்காத அக்கா, ஆல்பத்தை எட்டிப் பார்த்தாள்.

"அத்தே, நீங்க வந்து உங்க எடத்துல உக்காந்துக்கங்க. நானு அந்தப்பக்கம் போயி லாரிய எறக்கிப்போட்டு ஏறிக்கறேன்."

மாமியாருக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. பிறகு வீடே சிரித்தது. அன்றிலிருந்து அக்கா அந்த வீட்டில் மகாராணி, நான் மட்டும் கோமாளி.

இன்றைக்கும் நான் அங்கே போனால், நாற்காலியில் சட்டையில்லாமல் காற்று வாங்கும் அக்காவின் மாமனாரை மாமியார் அதட்டுவார்: "துண்டப் போட்டு நெஞ்ச மூடுங்க, போட்டோக்காரத் தம்பி வருது. யாரக் கொண்டாந்து வெக்குமோ."

அவரும் மூடிக்கொள்வார்.