பேயண்ணனுக்குப் பிங் குறைந்தது

டிரில் பிட் இரண்டாவது முறையும் ஒடிந்தது.

ஏணி மேல் நின்ற விக்கி, ஒடிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரை முறைத்தான். நெட் கம்பெனியில் ஆறு வருஷமாக வீடு வீடாகக் கனெக்‌ஷன் கொடுப்பவன். இப்படி ஒரு சுவரிடம் அவன் தோற்றதில்லை.

"அண்ணே, இது செவுரா, மலையா?"

"ரெண்டு முழம் கனம். உள்ள உக்காந்தா போன்ல ஒரு புள்ளி சிக்னல்தான் காட்டும். அதுக்குத்தானப்பா ஒன்னய வரச்சொன்னேன்" என்றான் முத்தழகு.

முத்தழகு காரைக்குடி லாரி செட்டில் மூட்டை தூக்குகிறவன். வலையபட்டியில் ஒரு பழைய பெரிய வீட்டின் பின்கட்டில், ஒற்றை அறையில், மனைவி நாகஜோதியோடு வாடகைக்குக் குடியிருந்தான். பகலெல்லாம் அவனுக்குப் பேர், "ஏய், இங்குட்டு வா." சாயங்காலம் அறைக்குள் சுவரில் சாய்ந்து, போனில் அந்தத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டைத் திறந்தால் மட்டும் வேறு பேர். பேய்.

நாலு பேர் டீம். சிங்கம்புணரியில் எலெக்ட்ரிக் கடை வைத்திருக்கும் சேவுகப்பெருமாள்தான் கேப்டன். ஜேசிபி டிரைவர் மலையாண்டி ஒருவன். வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மலையாண்டியின் மச்சான் முத்தரசு இன்னொருவன்.

"பேயண்ணே, நீங்க முன்னால போங்க" என்பான் கேப்டன். முத்தழகு போவான். எதிரிகள் சுடுவார்கள். சுட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒன்றும் படாது. "இங்கன நின்டான், இப்ப அங்கன நிக்கிறான்! மனுசனாடா இவன்?" என்று எதிராளி ஒருவன் மைக்கில் அலறியதை முத்தழகு ரெக்கார்டு செய்து வைத்திருந்தான். நாற்பது வயதில் அவனுக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ்.

ஞாயிறு மூன்று மணிக்கு மாவட்ட இறுதிப் போட்டி. ஜெயித்தால் மதுரையில் மேடை ஏறி விளையாடலாம். முதுகில் பேர் அச்சடித்த பனியன் தருவார்கள். இருபது வருஷமாக மூட்டை மட்டுமே ஏறிய முதுகு.

"படம் நின்னு நின்னு வர்ற நெட்லயே நான் பேய்னா, நல்ல நெட்டுப் போட்டா என்னவா இருப்பேன்?" என்று நாகஜோதியிடம் கேட்டான்.

"சோறு திங்கக் கூப்ட்டாக் காது கேக்காத பேயா இருப்பீக."

டீமிடம் அவன் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அசத்திவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று திட்டம்.

விக்கி ஏணியிலிருந்து இறங்கி பிளான் அட்டையை நீட்டினான். "நூறு இருக்கு, எரநூறு இருக்கு, முந்நூறு இருக்கு. ஆனா கேமுக்கு ஸ்பீடு பெருசில்லண்ணே. பிங்குதான். நீங்க பட்டன அமுக்குனா, அது அங்குட்டுப் போயிட்டுத் திரும்பி வர்ற நேரம்."

முத்தழகுவுக்குச் சட்டென்று பிடிபட்டது. "ஸ்பீடுங்கிறது ஒரு நடைக்கு எத்தன மூட்ட தூக்குறோம்ங்கிறது. பிங்குங்கிறது, கீழ இருந்து 'ஏய்'னு கத்துனா லாரி மேல நிக்கிறவன் திரும்ப எம்புட்டு நேரமாகுதுங்கிறது. சரியா?"

"இதத்தான் எங்களுக்கு மூணு நாள் கிளாஸ் எடுத்தாங்கெ!"

"எனக்கு இப்ப எம்புட்டு?"

விக்கி போனை வாங்கிச் சோதித்தான். "முந்நூத்தி நாப்பது. லாரி மேல நிக்கிறவன் தூங்குறாண்ணே."

அன்றைக்குச் சுவர் இடம் கொடுக்காததால், விக்கி வைஃபை பெட்டியை வெளியே நடையில் மாட்டிவிட்டுப் போனான். பிங் தொண்ணூறுக்கு இறங்கியது. முத்தழகுவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. படம் எண்ணெய் தடவியது போல வழுக்கி ஓடியது.

பத்தாவது நிமிஷம் செத்தான்.

"என்னண்ணே, கை கிய் வலிக்குதா?" என்றான் சேவுகப்பெருமாள்.

"லேசா."

பிங் இன்னும் குறையவேண்டும். மறுநாள் லீவு போட்டுவிட்டு உளியும் சம்மட்டியுமாக நின்றான். டிரில்லுக்கு மசியாத சுவர், மூட்டை தூக்கிய தோளுக்கு மசிந்தது. சுண்ணாம்புத் தூளில் ஆளே வெள்ளையாகிப்போனான்.

"வீட்டுக்கார ஆச்சி பாத்தாகன்னா நம்ம சட்டி பானையத் தெருவுல வச்சிருவாக" என்றாள் நாகஜோதி. "அது சரி, பேய்க்கு எதுக்கு ஓட்டை? பேய்னா செவுத்துக்குள்ள பூந்துல்ல போகணும்?"

"நீ தண்ணியக் கொண்டா."

பொழுது சாய்வதற்குள் அந்தப் பக்க வெளிச்சம் தெரிந்தது. ஓட்டை வழியாக வயர் வந்தது. பெட்டி அறைக்குள் வந்தது. பிங் நாற்பது.

ஐந்தாவது நிமிஷம் செத்தான்.

"பேயண்ணே, இப்பல்லாம் நீங்க பளிச்சுன்னு தெரியிறீக" என்றான் கேப்டன். குரலில் கவலை. "தப்பா எடுத்துக்காதீக. ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்போம். அப்பயும் இப்படின்னா, மதுரைக்குப் போனாலும் ஒங்க எடத்துல நம்ம கடப் பையன் சொக்குவத்தான் எறக்கணும்."

முத்தழகு விடிந்ததும் விக்கிக்குப் போன் போட்டான்.

"பிங்கக் கொறை!"

"இதுக்கு மேலன்னா கேமிங் பிளான்தாண்ணே. வயரு நேரா போன்லயே வந்து குத்துற மாதிரி செஞ்சுரலாம்."

"குத்து!"

நாகஜோதிக்கு வரவேண்டிய மிக்சி பொங்கலுக்குத் தள்ளிப்போனது. சனிக்கிழமை சாயங்காலம் விக்கி போனைப் பார்த்துவிட்டுக் கண்ணைக் கசக்கினான். "எட்டு! நான் கனெக்‌ஷன் குடுத்த எந்த வீட்லயும் எட்டுப் பாத்ததில்லண்ணே! ஏய்ங்கிறதுக்கு முன்னாடி திரும்பிருவான்!"

ஞாயிறு மூன்று மணி. தன் கைவேலையைப் பார்க்க விக்கியே வந்து உட்கார்ந்தான். நாகஜோதி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். முத்தழகு சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளங்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

நாலு பேரும் பாராசூட்டில் இறங்கினார்கள். மரம், வீடு, புல், எல்லாம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. "ஆகா!" என்றான் முத்தழகு.

அவன் கால் தரையைத் தொட்டது. ஒரே தோட்டா. முடிந்தது.

"பேயண்ணே!" என்று கேப்டன் கத்தினான். அடுத்து அவன் விழுந்தான். அப்புறம் முத்தரசு. மலையாண்டி ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கி, ரெண்டு பேரைச் சாய்த்துவிட்டுத் தானும் சாய்ந்தான். மொத்தம் நாலு நிமிஷம். மதுரை போயிற்று. பனியனும் போயிற்று.

"ஒரு வாரமா ஒங்களுக்கு என்னதாண்ணே ஆச்சு?" சேவுகப்பெருமாள் கேட்டான். "நெட்டு கிட்டு மக்கர் பண்ணுதா?"

முத்தழகுவுக்குச் சுருக்கென்றது. "நெட்டச் சொல்லாத தம்பி! ஒங்களுக்குச் சொல்லாம இருந்தேன். புது நெட்டுப் போட்டிருக்கேன். ரெண்டு முழச் செவுத்த என் கையால கொத்தி வயரு இழுத்தேன். முந்நூத்தி நாப்பது இருந்துச்சு, இன்னைக்கு எட்டு!"

மைக்கில் எங்கோ சிங்கம்புணரியில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"செவுத்த ஒடச்சிட்டீகளா?"

மலையாண்டியின் குரல். அவன் பேசுகிறானே என்று எல்லாருக்கும் திகைப்பு.

"ஆமா, தம்பி."

"நெட்டு நின்னு நின்னு வரவும்தாண்ணே நீங்க அங்க ஒருக்க, இங்க ஒருக்கன்னு தெரிஞ்சீக. எவனாலயும் குறி வைக்க முடியல. ஒங்களச் சுட்டே அவங்கெ தோட்டா தீந்துபோகும், நாங்க போயி அடிப்போம்." மலையாண்டி மூச்சு விட்டான். "நாங்க டீம்ல சேத்தது ஒங்கள இல்லண்ணே, அந்தச் செவுத்த!"